நவம்பர் சீட்டு எங்க போச்சு: ராணுவ பென்ஷன் பேங்க்லேந்து ஸ்பர்ஷுக்கு (பாதுகாப்பு அமைச்சகத்தோட ஆன்லைன் பென்ஷன் முறை) மாறினப்போ கடலூர் பக்கம் ஒரு வீட்டுக்கு நடந்தது

வீட்டு நிலவரம்

அந்த அம்மாவுக்கு ஊரு பண்ருட்டிக்கும் கடலூருக்கும் நடுவுல. பேரு, ஊரு, பேங்க் எதுவும் சொல்லப்போறதில்ல. வீட்டுக்காரர் மெட்ராஸ் சாப்பர்ஸ்ல (ராணுவத்தோட பொறியாளர் படைப்பிரிவு) ஹவில்தாரா இருந்து 1980கள்ல பென்ஷன்ல வந்தவரு, வந்ததும் புதுச்சேரில ஒரு கம்பெனில செக்யூரிட்டியா சேர்ந்தாரு, அதனால பென்ஷன் கணக்கும் அங்கயே ஒரு அரசு பேங்க் கிளைல ஆரம்பிச்சாரு, அப்புறம் சொந்த ஊருக்கே வந்துட்டாலும் கணக்க மட்டும் மாத்தல. 2011 டிசம்பர் 30 தானே புயல்ல கூரை போனப்போ பிபிஓவும் (பென்ஷன் வழங்கச் சொல்ற உத்தரவு) டிஸ்சார்ஜ் புக்கும் (படையிலேந்து வந்தப்போ குடுத்த சர்வீஸ் புத்தகம்) நனைஞ்சு ஒன்னோட ஒன்னு ஒட்டிப்போச்சு. அதுக்கப்புறம் ரெண்டு வருஷத்துல அவரும் தவறிட்டாரு.

அன்னிலேந்து குடும்ப பென்ஷன் தான் வீட்டுக்கு நிலையான வரவு. மினிமம் குடும்ப பென்ஷனே 9,000, அதுக்கு மேல டிஆர் (விலைவாசிக்காக கூட்டித்தர்ற படி), 2023 கடைசில டிஆர் 46 சதவீதம், ஆக குறைஞ்சது மாசம் 13,000 சொச்சம். அந்த அம்மா பல வருஷம் முந்திரி உடைக்கிற வேலைக்கு போனவங்க. இத ஏன் சொல்றேன்னா முந்திரிக்கொட்டை ஓட்டுல இருக்கிற எண்ணெய் தோல பொசுக்கும், வருஷக்கணக்கா உடைச்ச கைல ரேகை தேஞ்சு போயிடும், அது இந்த விஷயத்துல பின்னாடி பெருசா வருது. மகன் இல்ல, மகளும் மருமகனும் பக்கத்து தெருவுல, பேரன் திருப்பூர்ல பனியன் கம்பெனில வேலை.

டெல்லில என்ன மாறுச்சு

பாதுகாப்பு அமைச்சகத்துக்குள்ள 2020லேந்து பெரிய பெரிய மாற்றமா நடந்துட்டு இருக்கு. 2020 ஜனவரி 1ல முதல் முப்படை தலைமை தளபதியா ஜெனரல் பிபின் ராவத் வந்தாரு, கூடவே ராணுவ விவகாரத் துறைன்னு புது துறை வந்தது. 2021 அக்டோபர் 1ல படைக்கலத் தொழிற்சாலை வாரியத்த கலைச்சு 41 ஃபேக்டரிய 7 கம்பெனிக்கு கீழ கொண்டு வந்தாங்க, ஆவடி, திருச்சி, அருவங்காடு எல்லாம் அதுல வர்றதால நம்ம பேப்பர்லயும் நிறைய வந்தது. அதே வருஷத்துல தொடங்கின இன்னொரு மாற்றம் தான் ஸ்பர்ஷ். சுமார் 32 லட்சம் பேரோட பென்ஷன் யாரு கையில இருக்குங்கறதையே மாத்துன விஷயம், ஆனா பென்ஷன் வாங்குற வீட்டுக்கே சரியா போய் சேரல.

பழைய வழி இதுதான். ஆளப்பத்தின தகவல் அந்தந்த ரெஜிமென்ட்டோட ரெக்கார்ட் ஆபீஸ்ல (சாப்பர்ஸ்னா பெங்களூர்), பென்ஷன் சாங்ஷன் பண்ணி பிபிஓ போடுறது பிரயாக்ராஜ்ல இருக்கிற பிசிடிஏ பென்ஷன்ஸ் ஆபீஸ் (பாதுகாப்பு கணக்குத் துறையோட பென்ஷன் அலுவலகம்), மாசாமாசம் கணக்கு போட்டு பணம் குடுக்கறது பேங்க்கோட சிபிபிசி (மத்திய பென்ஷன் பிரிவு), நேர்ல முகம் பாக்குறது பேங்க் கிளை. விதிமுறைய முடிவு பண்றது இன்னொரு இடம், 2004ல ஆரம்பிச்ச முன்னாள் படைவீரர் நலத்துறை. ஒவ்வொரு பேங்க்கும் தனித்தனியா டேட்டா வச்சிருந்தாங்க, எதுவும் ஒன்னோட ஒன்னு பேசாது. 2016 பிப்ரவரில ஓஆர்ஓபி (ஒரே ரேங்க், ஒரே பென்ஷன்) டேபிள் 555ஆம் நம்பர் சர்க்குலரா வந்தப்போ அத ஒவ்வொரு பேங்க்கும் தன் பங்குக்கு படிச்சு கணக்கு போட வேண்டியிருந்தது, ஒரே ரேங்க் ஒரே சர்வீஸ் இருக்கிற ரெண்டு பேருக்கு ரெண்டு தொகை வந்ததெல்லாம் எங்க முன்னாள் படைவீரர் சங்கத்துலயே பாத்தோம். அதனால மாத்தணும்னு நினைச்சது நியாயம் தான், நான் அதுல எந்த சந்தேகமும் சொல்ல வரல.

ஸ்பர்ஷ்ல சாங்ஷன், கணக்கு, பணம் போடுறது எல்லாமே பிரயாக்ராஜ் ஆபீஸ்லேந்தே நேரா கணக்குக்கு வருது. பேங்க்குக்கு நம்ம சேவிங்ஸ் கணக்க வச்சிருக்கிற வேலை மட்டும் தான் மிச்சம். சேவை மையம்னு சில பேங்க் கிளைங்களையும் காமன் சர்வீஸ் சென்டர்களையும் சேத்துக்கிட்டாங்க, ஆனா அது விண்ணப்பம் போட்டு குடுக்கிற இடம், பென்ஷன் குடுக்கிற இடம் இல்ல.

இந்த மாற்றத்துல பெரிய அளவுல ஒரு தடவ சிக்கல் ஆனது எல்லாருக்கும் தெரிஞ்சது. 2022 ஏப்ரல் மாசம், அதுவரைக்கும் மாறின 4.47 லட்சம் பேர்ல 58,000க்கு மேல இருக்கிறவங்களுக்கு வருடாந்திர அடையாள சரிபார்ப்பு (உயிரோட இருக்காங்கன்னு வருஷா வருஷம் உறுதி பண்றது) பதிவாகலன்னு பணம் போகல, அமைச்சகமே ஒரு முறை விலக்கு குடுத்து மே 4ஆம் தேதி பணத்த போட்டு மே 25 வரைக்கும் டைம் குடுத்தாங்க. அப்ப நாங்க எல்லாரும் இது ஆரம்ப கோளாறுன்னு பேசிக்கிட்டோம்.

2023: மாறினது வீட்டுக்கு தெரியல

இந்த அம்மாவோட பென்ஷன் 2023 நடுவுல ஸ்பர்ஷுக்கு மாறுச்சு. யூசர் ஐடி, பாஸ்வேர்டு எல்லாம் எஸ்எம்எஸ்ல வந்திருக்கு, ஆனா பேங்க்ல பதிஞ்சிருந்த நம்பர் இறந்துபோனவரோடது, அந்த சிம் பேரன்கிட்ட திருப்பூர்ல. அவன் இங்கிலீஷ்ல வந்த மெசேஜ பாத்தான், லிங்க் இருக்கு, பாஸ்வேர்டு இருக்கு, ஃப்ராடுன்னு டெலீட் பண்ணிட்டான். அந்த பையன குத்தம் சொல்ல முடியாது, லிங்க் தொடாதீங்க ஓடிபி சொல்லாதீங்கன்னு நாடே சொல்லிக்கிட்டு இருக்கு, பென்ஷன்காரங்கள குறிவச்சு பிரயாக்ராஜ்லேந்து பேசுறோம்னு போன் பண்ணி ஏமாத்துற கும்பலும் இருக்கு. உண்மையான மெசேஜும் பொய் மெசேஜும் பாக்க ஒரே மாதிரி இருந்தா எச்சரிக்கையா இருக்கிற வீடு தான் முதல்ல மாட்டும்.

நவம்பர்ல, வருஷா வருஷம் உயிரோட இருக்கேன்னு சான்று குடுக்கிற மாசம் அது, அந்த அம்மா எப்பவும் போல பஸ் ஏறி புதுச்சேரி கிளைக்கு போயிருக்காங்க. உங்க பென்ஷன் இப்ப எங்ககிட்ட இல்ல, ஆன்லைன்ல பண்ணிக்கோங்கன்னு கவுண்டர்ல சொன்னதோட சரி, யாருகிட்ட போச்சு, எந்த பேருல பண்ணணும்னு ஒரு வரி எழுதி குடுக்கல. திரும்பி வந்து பஜார்ல ஒரு ப்ரவுசிங் சென்டர்ல ஜீவன் பிரமாண் (ஆதார் வச்சு ஆன்லைன்ல எடுக்கிற உயிர்வாழ் சான்று) போட்டாங்க. ரேகை விழல, ஒவ்வொரு விரலா வச்சு பாத்து கடைசில ஒரு விரல் எடுத்துக்கிச்சு. சக்ஸஸ்னு வந்தது, பிரிண்ட் எடுத்து குடுத்தாங்க, அந்த அம்மா அத பிளாஸ்டிக் கவர்ல போட்டு சாமி படத்துக்கு பின்னாடி வச்சாங்க.

பணம் நின்னது

2024 தொடக்கத்துல ஒரு மாச கடைசில பணம் வரல. கணக்கு தாமதம்னு நினைச்சு இருந்துட்டாங்க. அடுத்த மாசமும் வராதப்போ தான் மருமகன் எங்க முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு கூட்டிட்டு வந்தாரு. நான் படையில கிளார்க்கா இருந்தவன்ங்கறதால இந்த மாதிரி பேப்பர் வேலை பெரும்பாலும் என்கிட்ட வரும். அதுக்குள்ள மருந்து கடைல கடன், கேஸ் சிலிண்டர் பக்கத்து வீட்டுல மாத்தி வாங்கி ஓட்டிக்கிட்டு இருந்தாங்க. அந்த அம்மா கேட்டது ஒன்னே ஒன்னு தான்: "தம்பி, நான் இருக்கேன்னு குடுத்த சீட்டு இதோ கைல இருக்கே, அப்புறம் ஏன் நிறுத்துனாங்க?"

அந்த கேள்விக்கு பதில் அந்த சீட்டுலயே இருந்தது.

பாத்த விஷயங்க

முதல்ல பாஸ்புக். 2023 நடு வரைக்கும் பென்ஷன் வரவுக்கு நேர பேங்க்கோட சொந்த பென்ஷன் பிரிவு குறிப்பு, அதுக்கப்புறம் வர்ற வரவுல குறிப்பு வேற, வெளிலேந்து வந்த பணம். ஆக எந்த மாசம் மாறுச்சுன்னு பாஸ்புக்கே சொல்லிடுச்சு. பணம் குறையல, தேதியும் பெருசா மாறல, அதனால வீட்டுல யாரும் கவனிக்கல.

ரெண்டாவது ஜீவன் பிரமாண் சீட்டு. பென்ஷன் வழங்குறவங்கன்னு இருக்கிற இடத்துல பழைய பேங்க் பேரு. பிபிஓ நம்பரும் பழசு. ஸ்பர்ஷுக்கு மாறினவங்க சாங்ஷன் பண்றவங்கன்ற இடத்துல டிஃபென்ஸ் பிசிடிஏ பென்ஷன்ஸ் அலகாபாத்னும் (பிரயாக்ராஜோட பழைய பேரு, போர்ட்டல்ல அப்படித்தான் இருந்தது), வழங்குறவங்கன்ற இடத்துல ஸ்பர்ஷ் பிசிடிஏ பென்ஷன்ஸ் அலகாபாத்னும் தேர்ந்தெடுத்து, புது 12 இலக்க ஸ்பர்ஷ் பிபிஓ நம்பர போடணும். இங்க சீட்டு செல்லுபடியாகுற சீட்டு தான், ஆதார் ஒத்துப்போச்சு, சான்று உருவாச்சு, ஆனா அது போய் சேர்ந்த இடம் அந்த அம்மாவோட பென்ஷன கைல வச்சிருக்காத இடம். அங்க அத வாங்கி வைக்கவும் ஆள் இல்ல, திருப்பி அனுப்பவும் ஆள் இல்ல. பிரயாக்ராஜ் பக்கத்துலேந்து பாத்தா நவம்பர் முடிஞ்சு போச்சு, இவங்க உயிரோட இருக்கிறதுக்கு எந்த பதிவும் இல்ல. விதிப்படி நிறுத்தம்.

மூணாவது பேரு. சர்வீஸ் ரெக்கார்ட்ல கல்யாணம் ஆன புதுசுல வீட்டுல கூப்பிட்ட சின்ன பேரு, ஆதார்ல முழு பேரு. நாலாவது தான் எனக்கு மனசு கஷ்டமா இருந்தது, அந்த அம்மா சொல்ற வயசும் ஆதார் வயசும் ஒத்துவரல. ஆதார்ல பிறந்த தேதி 1947 ஜனவரி 1ன்னு தோராயமா போட்டது. பழைய ஒட்டிப்போன டிஸ்சார்ஜ் புக்க ஆவில வச்சு பிரிச்சு பாத்தா மனைவி பேருக்கு நேர 1943 மாதிரி தெரியுது, கடைசி இலக்கம் பாதி அழிஞ்சிருக்கு. 80 வயசு ஆனா குடும்ப பென்ஷன்லயும் 20 சதவீதம் கூடுதல் உண்டு, 85ல 30, 90ல 40. 1943 சரின்னா இவங்களுக்கு 2023லயே அது வந்திருக்கணும்.

எடுத்த முடிவும் ஏன்னும்

மருமகன் முதல்ல புதுச்சேரி கிளைக்கே போய் மேனேஜர்கிட்ட சண்டை போடலாம்னாரு. வேணாம்னு சொன்னேன். சண்டை போட்டு ஜெயிச்சாலும் அவங்களால பணத்த விட முடியாது, அதிகாரமே அங்க இல்ல. சங்கத்துல ஒருத்தர் கணக்கு புதுச்சேரில இருக்கிறதால புதுச்சேரி சைனிக் ஆபீஸ்ல (அங்க இருக்கிற முன்னாள் படைவீரர் நல அலுவலகம்) மனு குடுக்கணும்னாரு, அதுவும் தேவையில்ல, நல உதவிக்கெல்லாம் குடியிருக்கிற ஊர் தான் கணக்கு, அது கடலூர் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகம். பென்ஷனுக்கோ இப்ப கிளை எந்த ஊர்ல இருந்தாலும் ஒன்னு தான். இன்னொருத்தர் நேரா சென்னை தேனாம்பேட்டை சிடிஏ (பாதுகாப்பு கணக்குத் துறை) ஆபீஸுக்கு கூட்டிட்டு போகலாம்னாரு. 80 வயசு பக்கம் இருக்கிற ஒருத்தர பஸ்ல அவ்வளவு தூரம் அலைய வைக்கிறது, இங்கயே செய்யக்கூடிய வேலைக்காக, சரின்னு படல.

எல்லாத்தையும் விட பெரிய வாக்குவாதம் பிறந்த தேதில வந்தது. மருமகன் சொன்னது நியாயமான பேச்சு தான்: "சார், எப்படியும் மனு போடப்போறோம், பேரு, தேதி, நின்ன பணம் எல்லாத்தையும் ஒரே மனுல போட்டுடலாம், திரும்ப திரும்ப யாரு அலையறது." நான் பிரிச்சே ஆகணும்னு நின்னேன். உயிரோட இருக்காங்கன்னு நிரூபிக்கிறது சில நாள் வேலை, அதுக்கு ஆதாரும் ஸ்பர்ஷ் நம்பரும் போதும். பிறந்த தேதி மாத்தறது ரெக்கார்ட் ஆபீஸ் வரைக்கும் போய் பழைய பதிவோட ஒத்துப்பாத்து வர்ற வேலை, மாசக்கணக்குல ஆகும், நடுவுல யாராவது கேள்வி கேட்டா நிக்கும். ரெண்டையும் ஒரே கட்டா கட்டினா வேகமா போகவேண்டியது மெதுவா போறதுக்காக காத்து கிடக்கும், அதுவரைக்கும் வீட்டுல அடுப்பு எரியணும். அந்த அம்மாவே முடிவு பண்ணாங்க, மொதல்ல மாச பணம் வரட்டும் மத்தது அப்புறம்னு.

ரேகைய மறுபடி நம்ப வேணாம்னும் முடிவு பண்ணோம். 2021 நவம்பர்லேந்தே முகம் வச்சு சரிபாக்கிற வசதி ஜீவன் பிரமாண்ல இருக்கு, ஆண்ட்ராய்டு போன்ல ஆதார் ஃபேஸ் ஆர்டி ஆப்பும் ஜீவன் பிரமாண் ஃபேஸ் ஆப்பும் இருந்தா வீட்டு வாசல்லயே பண்ணிடலாம். முந்திரி உடைச்ச பொம்பளைங்களுக்கு இந்த ஏரியாவுல இது தான் முதல் வழியா இருக்கணும், ரேகை ரெண்டாவது. பஜார்ல விரல வச்சு வச்சு பாத்து கூட்டத்துக்கு நடுவுல அவங்க கூசிப்போய் நிக்கிறத நான் நிறைய பாத்திருக்கேன்.

நடந்தது

முதல்ல ஸ்பர்ஷ் நம்பர் வேணும். பக்கத்துல இருக்கிற சேவை மையத்துல பழைய பிபிஓ நம்பரும் கணக்கு நம்பரும் குடுத்து கண்டுபிடிச்சோம். ஓடிபி திருப்பூர் போகும்ங்கறதால பேரன்கிட்ட முன்னாடியே சொல்லி, அவன் லஞ்ச் பிரேக்ல போன்ல இருந்து ஒவ்வொரு ஓடிபியா படிச்சு சொன்னான். லாகின் வந்ததும் உள்ள பாத்தா அடையாள சரிபார்ப்பு நிலுவைன்னு தெளிவா காட்டுது. அதாவது தகவல் அந்த சிஸ்டத்துல இருந்திருக்கு, பாக்கறதுக்கு தான் அந்த அம்மாகிட்ட வழி இல்ல. அன்னிக்கே மொபைல் நம்பர அந்த அம்மாவோட பட்டன் போன் நம்பருக்கு மாத்த கோரிக்கை போட்டோம், அது ஏத்துக்கிட்டாங்க.

வாசல்ல வெளிச்சத்துல உக்கார வச்சு முகம் எடுத்தோம். கண்ண இமைக்க சொன்னா அவங்க இறுக்கி மூடிக்கிறாங்க, மகள் எதிர்ல நின்னு செஞ்சு காட்டின பிறகு ஓகே ஆச்சு. இந்த தடவ சப்மிட் அடிக்கிறதுக்கு முன்னாடி சாங்ஷன் பண்றவங்க, வழங்குறவங்க, 12 இலக்க நம்பர் மூணையும் ரெண்டு பேர் தனித்தனியா படிச்சு பாத்தோம். கொஞ்ச நாள்லயே ஸ்பர்ஷ்ல நிலுவைன்னு இருந்தது முடிஞ்சதா மாறுச்சு, அந்த மாச கடைசில நின்ன மாசங்களுக்கும் சேத்து மொத்தமா பணம் வந்தது. யாருக்கும் மனு எழுதல, எந்த ஆபீஸ் வாசல்லயும் நிக்கல. பழைய முறையில நின்ன பென்ஷன் அரியரோட திரும்ப வர எவ்வளவு லெட்டர் போடணும்னு தெரிஞ்சவங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லன்னு புரியும்.

பேரு வித்தியாசத்துக்கு, ரெண்டு பேரும் ஒரே ஆள்னு நோட்டரி அஃபிடவிட்டோட தனி கோரிக்கை, அதுவும் அப்புறம் சரியாச்சு. பிறந்த தேதிக்கு பெங்களூர் ரெக்கார்ட் ஆபீஸுக்கு வீட்டுக்காரரோட சர்வீஸ் நம்பர் போட்டு கிண்ட்ரட் ரோல் (படைவீரரோட குடும்ப விவரப் பதிவு) நகல் கேட்டு எழுதினோம், மாவட்ட அலுவலகம் மூலமா அனுப்பினதுல பதில் வந்தது, 1943 உறுதி ஆச்சு. ஆனா ஆதார்ல 1947. அந்த அம்மா பள்ளிக்கூடம் போனதில்ல, பிறப்பு சான்று இல்ல. ரெக்கார்ட் ஆபீஸ் பதிவ வச்சு திருத்தம் கேட்டு போட்டிருக்கோம், இத எழுதற வரைக்கும் முடிவு வரல. 20 சதவீதம்ங்கறது அடிப்படை பென்ஷன்லயும் அதுக்கான டிஆர்லயும் சேந்து வர்ற தொகை, அவங்க மருந்து செலவு அதுல அடங்கிடும்.

என்னோட கணிப்பு

பேங்க் கவுண்டர்ல உக்காந்திருந்தவர் செஞ்ச வேலைல பாதி எந்த விதிப்புத்தகத்துலயும் இல்ல. நவம்பர்ல வராதவங்கள ஊர்க்காரங்ககிட்ட விசாரிப்பாரு, கைநாட்டு வைக்கிறவங்களுக்கு ஃபாரம் நிரப்பி குடுப்பாரு, இறந்தவர் நம்பர் தான் கணக்குல இருக்குன்னு தெரியும். எல்லா கவுண்டரும் அப்படி இல்ல, ஆனா இருந்த இடத்துல அது ஒரு பாதுகாப்பா இருந்தது. பென்ஷன் வேலை டெல்லி உத்தரவுல அங்கிருந்து பிரயாக்ராஜுக்கு போனப்போ கணக்கும் டேட்டாவும் போச்சு, இந்த எழுதாத வேலை மட்டும் யாரு பேருலயும் மாத்தி எழுதல. வழக்கமா ஒரு யூனிட்ல சார்ஜ் ஹேண்டோவர் பண்றப்போ ஸ்டோர்ல இருக்கிற மண்வெட்டி வரைக்கும் எண்ணி கையெழுத்து வாங்குவோம், அத இங்கயும் செஞ்சிருக்கலாம்.

ஓஆர்ஓபி 2024 ஜூலை 1லேந்து மறுபடி திருத்தினப்போ எங்க சங்கத்துல யாரும் பேங்க்ல போய் டேபிள் காட்டி வாதாட வேண்டியதா இல்ல, அது ஒரே இடத்துக்கு கொண்டு வந்ததோட நல்லது. நான் ஸ்பர்ஷ் வேணாம்னு சொல்ற கூட்டத்துல இல்ல. ஆனா மாற்றம் முடிஞ்சதுன்னு சொல்றதுக்கு டேட்டா மாறினா போதாது, கடைசி வீட்டுல இருக்கிற 80 வயசு அம்மாவுக்கு இனிமே உன் பென்ஷன் யாருகிட்டன்னு அவங்க பாஷைல தெரிஞ்சிருக்கணும்.

இனிமே மாத்த வேண்டியது

அமைச்சகத்து பக்கம்: மாறுற மாசத்துல தமிழ்ல ஒரு பக்க கடிதம் தபால்ல, லிங்க் இல்லாம, புது நம்பரோட, நவம்பர்ல எத தேர்ந்தெடுக்கணும்னு. ஜீவன் பிரமாண்ல பழைய பேங்க தேர்ந்தெடுத்தா, அந்த பிபிஓ ஏற்கனவே ஸ்பர்ஷுக்கு மாறினதா இருந்தா அங்கயே தடுக்கணும், சக்ஸஸ்னு காட்டக்கூடாது, இந்த ஒன்னு இருந்திருந்தா இந்த வீட்டுல ஒரு மாசம் கூட நின்னிருக்காது. பேங்க் பக்கம்: எங்ககிட்ட இல்லன்னு சொல்றப்போ எங்க இருக்குன்னு ஒரு துண்டு சீட்டு.

எங்க பக்கம் மாத்தினது இது. முன்னாடி பணம் நின்னவங்க வந்தா பாப்போம், இப்ப செப்டம்பர்லயே பட்டியல் எடுக்கிறோம், குடும்ப பென்ஷன் வாங்குற அம்மாங்க முதல்ல. பாஸ்புக் வரவு குறிப்பு, ஸ்பர்ஷ் நம்பர், எந்த மொபைல் நம்பர் பதிஞ்சிருக்கு, அது யார் கைல, ஆதார் தேதியும் சர்வீஸ் ரெக்கார்ட் தேதியும் ஒன்னா. நம்பர் வெளியூர்ல இருந்தா நவம்பருக்கு முன்னாடி மாத்திடறோம். முந்திரி வேலை, உப்பளம், செங்கல் சூளை பாத்தவங்களுக்கு ரேகையே முயற்சி பண்றதில்ல, நேரா முகம். சீட்டு பிரிண்ட் வந்ததும் வழங்குறவங்கன்ற வரிய அவங்க வீட்டுல படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர விட்டு சத்தமா படிக்க சொல்றோம், ஒரு வாரம் கழிச்சு ஸ்பர்ஷ் உள்ள போய் முடிஞ்சதுன்னு காட்டுதான்னு பாத்த பிறகு தான் பட்டியல்ல டிக் போடறோம்.